காப்பி இலையின் ஓரம்

மே 25, சனி

இந்த டைரியை அச்சிட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஜனவரிப் பக்கங்கள் ஒழுங்காக இருந்தன. மே மாதம் வந்ததும் கோடுகள் நெளிகின்றன. ஒவ்வொரு கோடும் நடுவில் ஒரு மேடு ஏறி இறங்குகிறது. கடையில் புரட்டுகிறவர்கள் முதல் நாலு பக்கத்தைத்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். நான் கான்வென்டில் மதர் பெர்னதெத்திடம் நாலு கோடு நோட்டில் எழுதப் பழகியவள். எழுத்து கோட்டை விட்டு இறங்கினால் ரூலர் விரல் முட்டியில் விழும். அவர் இதைப் பார்த்திருந்தால் அச்சாபீஸ்காரர்களை வரிசையாக நிற்க வைத்திருப்பார்.

கான்வென்டில் ஆங்கிலத்தில்தான் டைரி எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கோபத்துக்குத் தமிழ்தான் வசதி.

தச்சர் மறுபடி வந்தார். பின்பக்கக் கதவு கோணல் என்று போன மாதமே சொல்லி, கழற்றி மாட்டச் செய்தேன். இன்னும் கோணல். ரசமட்டத்தை வைத்துக் காட்டி, "நேராத்தாம்மா இருக்கு" என்கிறார். "அப்படின்னா உங்க ரசமட்டமும் கோணல்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வால்பாறையில் நேராக ஒரு வேலை செய்ய ஆள் கிடையாது.

ஜூன் 1, சனி

மழை தொடங்கிவிட்டது. மரம் நடும் வேலையும் தொடங்கியது. நான் போவது இது இரண்டாவது ஆண்டு.

தேயிலைக்கு நடுவே யாரும் கவனிக்காமல் விட்ட பழைய காப்பிக் காடு அது. அதை மறுபடி மழைக்காடாக்க வேண்டும் என்று பிருந்தா என்ற பெண் ஒரு குழு வைத்து நடத்துகிறாள். சனிக்கிழமைதோறும் தன்னார்வலர்கள் வரலாம். பாதிப் பேர் கோயம்புத்தூரிலிருந்து வரும் கம்ப்யூட்டர் பிள்ளைகள். அட்டை கடித்தால் ஊர் கூடும்படி அலறுவார்கள்.

போனதும் பிருந்தா, "வாங்க ஆன்ட்டி, உங்களுக்கு நர்சரில சேர் போட்டிருக்கேன். பையில மண்ணு நிரப்பலாம்" என்றாள்.

"நான் உனக்கு ஆன்ட்டி இல்லை. முழங்கால் போட்டு ஜெபம் பண்றவளுக்குக் குனியத் தெரியும். மேலே எந்தப் பகுதி, அதைச் சொல்லு" என்றேன்.

மேல் சரிவு கிடைத்தது. கூடவே ஒரு ஜோடியும். பெயர் சென்னியப்பன். பொள்ளாச்சிக்காரர், இங்கேயே தங்கிவிட்டவர். மலைப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். என் வயதுதான் இருக்கும். ஓயாமல் பேச்சு. என்னை "அம்மிணி" என்று கூப்பிடுகிறார். திருத்தினேன். "சரிங்கம்மிணி" என்கிறார்.

வேலை இதுதான்: குரங்கும் மரநாயும் பழம் தின்றுவிட்டுப் போட்ட காப்பிக்கொட்டை காடு முழுக்க முளைத்து, சென்ற ஆண்டு நட்ட கன்றுகளை எழ விடாமல் அமுக்குகிறது. காப்பியைப் பிடுங்க வேண்டும். காட்டுக் கன்றைத் தொடக் கூடாது. பிருந்தா இரண்டு செடியைத் தூக்கிக் காட்டினாள்.

"இது காப்பி, இது குடம்புளி. ரெண்டுக்கும் எதிரெதிரா இலை, ரெண்டும் பளபளன்னு இருக்கும். ஓரத்தைப் பாருங்க. அலை அலையா நெளிஞ்சிருந்தா காப்பி, பிடுங்கிடலாம். நேரா இருந்தா குடம்புளி. சந்தேகமா இருந்தா ஒரு இலையை ஒடிச்சுப் பாருங்க. குடம்புளின்னா மஞ்சளா பால் வரும்."

எனக்குச் சந்தேகம் வருவதில்லை. ஒடித்துப் பார்ப்பது, பார்க்கத் தெரியாதவர்களுக்கு.

நான் ஏன் போகிறேன் என்று ஸ்டெல்லா கேட்கிறாள். மகள் கேட்கிற கேள்வியா இது? அவள் அப்பா சவரிராயன் முப்பது ஆண்டு தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கர். உலர்த்தும் அடுப்புக்கு லாரி லாரியாக விறகு வரும். ரிட்டயர் ஆனதும், "எரிச்சதுல கொஞ்சமாவது நட்டுட்டுப் போகணும் ரெஜி" என்றார். நடாமலே போய்விட்டார். ஆகவே நான் நடுகிறேன். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது?

சென்ற ஆண்டு ஒரு கன்றுக்கு அவர் பெயரை எழுதி வைக்கலாமா என்று பிருந்தாவைக் கேட்டேன். "இங்க எந்த மரத்துக்கும் யார் பேரும் வைக்கறதில்லை" என்றாள். நான் மறுபடி கேட்கவில்லை. பெரிய பாறைக்குக் கிழக்கே ஒரு குடம்புளியை நட்டு, மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். அவர் குளச்சல்காரர். குடம்புளி போடாத மீன்குழம்பைக் குழம்பு என்றே ஒப்புக்கொண்டதில்லை. இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். பிருந்தாவின் சட்டத்தை நான் மீறவும் இல்லை.

ஜூன் 8, சனி

நாள் முழுக்கக் காப்பி பிடுங்கினேன். எவ்வளவு காப்பி! போன ஆண்டு களை எடுத்தவர்கள் என்னதான் பார்த்தார்களோ.

சென்னியப்பன் இரண்டு தரம் பிடுங்குவதற்குள் நான் பத்து தரம் பிடுங்குகிறேன். ஒரு கட்டத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, அது காப்பியா இருக்காதுங்களே."

"ஏன்?"

"அந்தப் புளியாட்டத் தெரியுதுங்க."

"ஓரத்தைப் பாருங்க. நெளிஞ்சிருக்கா இல்லையா?"

அவர் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நெளியலீங்களே."

"மிஸ்டர் சென்னியப்பன், கான்வென்டில் தாவரவியலுக்குப் பரிசு வாங்கினவள் நான். டிக்கெட் கிழிக்கிற கைக்கு இலையைப் பத்தி என்ன தெரியும்?"

"அதுஞ் சரிதானுங்க" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு மணி நேரம் அமைதியாக வேலை நடந்தது.

பிடுங்கியதும் குழியில் மண் தள்ளி, காலால் மிதித்து மூடுகிறேன். மற்றவர்கள் குழியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

பூசையில் மனம் ஒன்றவில்லை. பீடத்து விளக்கை எங்கேயோ மாற்றி வைத்திருக்கிறார்கள். சாமியாரின் முகத்தில் சரியாக நடுவில் நிழல் விழுகிறது. காதும் தலைமுடியும் தெரிகிறது, முகம் இல்லை. பாட்டுப் புத்தகமோ இன்னும் மோசம். எழுத்தெல்லாம் மை ஊறிக் கிடக்கிறது. கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சொன்னேன். "போன வருஷப் புத்தகம்தாம்மா அது" என்கிறார், சிரித்துக்கொண்டே.

கையுறையில் மஞ்சள் கறை. புடவைத் தலைப்பிலும். மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. இந்தச் சோப்பை இனி வாங்கப் போவதில்லை.

ஸ்டெல்லா போன் செய்தாள். அதே விஷயம். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

கடும் மூடுபனி. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. கம்ப்யூட்டர் பிள்ளைகள் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் ஏறினேன். வேறு வழியில்லாமல் சென்னியப்பனும் பின்னால் ஏறினார். வழியெல்லாம் என் வீட்டைப் பற்றி விசாரணை. தச்சரைப் பற்றிச் சொன்னேன். கோணல் கதவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் நின்றுவிட்டார். "எப்பத்திலிருந்துங்க கோணல்?" என்றார். கதவு கோணலானால் இவருக்கென்ன?

மேலே ஏதோ ஒரு பாறையை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு காப்பி. வெட்கமில்லாமல் வளர்ந்து நிற்கிறது. சுற்றிலும் கொத்தால் கிளறி, இரண்டு கையாலும் இழுத்தேன். அது வந்தபோது நான் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்தாறு வயதில் தனியாகப் பிடுங்கினேன். குழியை மூடி நன்றாக மிதித்தேன்.

கீழே வந்தபோது கையெல்லாம் பிசுக்கு. கையுறை மறுபடி மஞ்சள்.

ஜூன் 18, செவ்வாய்

நாள் முழுக்க மழை. மின்சாரம் இல்லை. ஸ்டெல்லா கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஜூன் 22, சனி

இதை இன்றே எழுத வேண்டும்.

வெயில் அடித்ததால் முதல் வேலையாகப் பெரிய பாறைக்குப் போனேன். சவரிராயனின் கன்று இல்லை.

ஒடியவில்லை, வாடவில்லை. இல்லை. பாறைக்குக் கிழக்கே மண் கிளறி மூடியிருந்தது. மூடி, மேலே மிதித்தும் இருந்தது. திருடனுக்கு எவ்வளவு ஒழுங்கு! என் வாழ்நாளில் இப்படி ஒரு திமிரை நான் பார்த்ததில்லை. ஒரு கன்றைத் தூரோடு பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒன்றுமே இருந்ததில்லை என்பது போல மண்ணை மெத்திவிட்டுப் போயிருக்கிறான்.

பிருந்தாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு அது யாருடைய கன்று என்று தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய முகமும் மாறியது. "மேடம், இது ஒண்ணு மட்டும் இல்லை. மேல் சரிவுல நிறையக் குடம்புளி காணோம். யானையா இருக்கும்னு நினைச்சேன்."

"யானை குடம்புளியா பார்த்துப் பிடுங்கி, குழியையும் மூடிட்டுப் போகுமா?"

"மூடாதுதான்."

"அப்ப இது மனுஷன். இங்க வேலை செய்றவங்கள்ல ஒருத்தர்."

கண்டுபிடிப்பேன் என்றேன். சென்னியப்பன் கொஞ்ச தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இரண்டடி வைத்தார், பிறகு திரும்பிப் போய்விட்டார். குற்றமுள்ளவன் அப்படித்தான் திரும்புவான்.

ஜூன் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பகையை மனதில் வைத்துக்கொண்டு பூசையில் நற்கருணை வாங்கக் கூடாது என்று படித்திருக்கிறேன். பகையை விட்டுவிடவும் இப்போது சம்மதம் இல்லை.

ஜூன் 29, சனி

பிடித்துவிட்டேன்.

காலையிலிருந்து அவரைத்தான் கவனித்தேன். நான் ஒரு இடத்தை முடித்து நகர்ந்ததும் அவர் அந்த இடத்துக்கு வருகிறார். குனிகிறார். எதையோ பொறுக்கித் துண்டில் போட்டுக்கொள்கிறார். தேநீருக்கு எல்லோரும் இறங்கியபோது அவர் மட்டும் ஓடைப் பக்கம் நழுவினார். நான் பின்னால் போனேன்.

"நில்லுங்க. துண்டுல என்ன?"

"ஒண்ணுமில்லீங்கம்மிணி."

"காட்டுங்க."

துண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல. நான் பிடித்து இழுத்தேன். வேரும் மண்ணுமாகக் கன்றுகள் கொட்டின. சத்தம் கேட்டு பிருந்தா ஓடி வந்தாள். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "எல்லாம் குடம்புளி" என்றாள்.

தார்ப்பாய்க்கு அடியில், அத்தனை பேர் முன்னால், நான் கேட்டேன்.

"பாறைக்குப் பக்கத்துல இருந்த கன்றைப் பிடுங்கினது நீங்கதானே?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். மழை தார்ப்பாயில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க. நாந்தானுங்க."

"எதுக்கு?"

"எனக்கு இலை தெரியறதில்லீங்களே. டிக்கெட் கிழிச்ச கைதானுங்க" என்றார். சிரிக்கவும் செய்தார்.

என்ன கொழுப்பு! பிருந்தா அவரை இனி வர வேண்டாம் என்று மெதுவாகத்தான் சொன்னாள். நானாக இருந்தால் மெதுவாகச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார். குடையை இங்கேயே விட்டுவிட்டார். அது என்னிடம் இருக்கிறது. நனைந்த குடையைத் தார்ப்பாயில் போட்டு வைக்க முடியாது அல்லவா.

ஜூலை 2, செவ்வாய்

சரியான காரியத்தைத்தான் செய்தேன். குடை காய்ந்துவிட்டது.

ஜூலை 6, சனி

தனியாக வேலை செய்தேன். தொந்தரவு இல்லை. சாய்ந்த மரத்துக்கு அடியில் பெரிய குவியல் போட்டேன். ஒரு கம்ப்யூட்டர் பெண் வந்து, "பாட்டி, சூப்பர்!" என்றாள். முதலில் ஆன்ட்டி, இப்போது பாட்டி. அடுத்து என்ன?

பேச்சுச் சத்தம் இல்லாமல் மேல் சரிவு இவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 13, சனி

பிருந்தா ஒரு சாக்கோடு வந்தாள். வாரத்தின் நடுவில் தனியாக மேலே போயிருக்கிறாள். மறுபடி குடம்புளி பிடுங்கப்பட்டிருக்கிறது.

"பார்த்தீங்களா? ராத்திரியில வந்து பிடுங்குறார்" என்றேன்.

அவள் சாக்கைக் கவிழ்த்தாள். காய்ந்த செடிகள். அவற்றுக்குள் இன்னும் பச்சையாக இருந்த ஒன்றை எடுத்து, எல்லோருக்கும் காட்டி, இலையை ஒடித்தாள். மஞ்சளாகப் பால் கசிந்தது.

"தயவுசெஞ்சு எல்லாரும் ஒடிச்சுப் பாத்துட்டுப் பிடுங்குங்க. இது எல்லாமே காப்பிக் குவியல்ல கிடந்தது" என்றாள். "எங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

"சாஞ்ச மரத்துக்குக் கீழ."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அந்தப் பெண் எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவள் ஒடித்த கன்றையும், ஒரு காப்பிக் கிளையையும் வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறேன். இன்று இவ்வளவுதான்.

ஜூலை 14, ஞாயிறு

கையுறையை வெயிலில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள். புடவைத் தலைப்பு, மஞ்சள். சோப்புக்காரன் மேல் தவறில்லை.

இரண்டு இலைகளையும் மேசையில் அருகருகே வைத்தேன். இரண்டுக்கும் ஓரம் நெளிந்திருந்தது. சத்தியமாக நெளிந்திருந்தது. இப்போதும் நெளிந்திருக்கிறது. பைபிள் மேல் கை வைத்துச் சொல்வேன்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஓரத்தைத் தடவினேன். கான்வென்டில் கைக்குட்டைக்கு மடிப்புத் தைத்தால் மதர் பெர்னதெத் அப்படித்தான் பார்ப்பார். கண் ஏமாற்றும், கட்டைவிரல் ஏமாற்றாது என்பார். காப்பி இலை விரலுக்கு அடியில் ஏறி இறங்கியது. மற்றது கத்தி முனை போல நேராக ஓடியது. கண்ணைத் திறந்தேன். நெளிந்திருந்தது.

இந்த டைரியின் ஜனவரிப் பக்கங்களைத் திருப்பினேன். அவையும் நெளிகின்றன.

இடது கண்ணை மூடினால் பின்பக்கக் கதவு ஏறக்குறைய நேராகிறது. வலது கண்ணை மூடினால் நடுவில் உடைகிறது.

ஸ்டெல்லா போன மாதம் முழுவதும் சொன்ன அதே விஷயம், கண் ஆஸ்பத்திரி. பொங்கலுக்கு வந்தபோது அவள் பிள்ளைகளில் ஒன்றைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டேனாம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி சட்டை போட்டால் யார்தான் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

பாறைக்குக் கிழக்கே, மூடுபனியில், இரண்டு கையாலும் இழுத்தேன். பின்னால் உட்கார்ந்தேன். பெருமையாகவும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினேன். பயந்துகொண்டே வந்தார். நான் கதவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு, வேகமாகப் போய்விட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

குடையை எடுத்துக்கொண்டு சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டே, "வாங்கம்மிணி, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை.

"நீங்க ஏன் பொய் சொன்னீங்க?"

"எதுங்க?"

"நான்தான் பிடுங்கினேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே. அது பொய்."

"பொய்தானுங்க."

"எனக்காகப் பொய் சொல்ல உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? நான் கேட்டேனா?"

"கேக்கலீங்க. கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"இது விளையாட்டு இல்லை, மிஸ்டர் சென்னியப்பன். எல்லாரும் உங்களைத் திருடனைப் பாக்கிற மாதிரி பார்த்தாங்க. நான் பார்க்க வெச்சேன். நீங்க சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. எனக்கு உண்மை தெரியுற அன்னிக்கு நான் எந்த முகத்தோட நிப்பேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்தார்கள். அவர் ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். அந்த நேரத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது.

"சொன்னனுங்களே அம்மிணி. ரெண்டாவது வாரமே சொன்னேன். டிக்கெட் கிழிக்கிற கைக்கு என்ன தெரியும்னீங்க."

"சொன்னேன்."

"அப்பறம் கதவு கோணல்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கித்தான் தெரிஞ்சுது. என்ற ஊட்டுக்காரியும் அப்பிடித்தானுங்க. கதவு கோணல், காலண்டர் கோணல், டிவி கோணல்னு ஊரையே திட்டி வஞ்சா. நானும் அவகூடச் சேந்து தச்சன வஞ்சேன். ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப ரொம்ப லேட்டாயிருச்சுங்க. கடசீல என்ற மூஞ்சியே தெரியாதுங்க அவளுக்கு. கொரல வச்சுத்தான் கண்டுபுடிப்பா."

இதனால்தான் மனிதர் ஓயாமல் பேசுகிறார் போலும்.

"அப்படின்னா அதைத்தான் என்கிட்ட சொல்லியிருக்கணும். செடியைத் துண்டுல பொறுக்கிட்டு இருந்ததுக்குப் பதிலா."

"மலை பஸ்ல டிக்கெட்டு எடுக்காம ஒருத்தரு ஏறிட்டாருன்னு வைங்க. நடுக்காட்டுல எறக்கி உட முடியுங்களா? ஊரு வர்ற வரைக்கும் பேசாம வரவேண்டியதுதானுங்க."

"நான் எப்பவும் டிக்கெட் எடுத்துத்தான் போயிருக்கேன்."

"தெரியுதுங்க" என்றார்.

பிறகு கேட்டேன், பிடுங்கியதெல்லாம் எங்கே என்று.

"ஓடைக்கு அந்தாண்ட, ஈரமான பள்ளத்துல நட்டுருக்கேனுங்க. இலையக் கிள்ளிட்டு நட்டா வேர் புடிக்கும்னு எங்கம்மா சொல்லும். பாதி பொழச்சுருக்கும், பாதி போயிருக்கும்."

"பாறைக்குப் பக்கத்துல நான் பிடுங்கினது?"

"எதுன்னு தெரியலீங்களே. எல்லாம் போன வருசத்துச் செடி, ஒரே ஒசரம். ஒண்ணாத்தான் நட்டேன். ஏனுங்க?"

"சும்மா கேட்டேன்."

எழுந்தேன். குடையைக் கொடுத்தேன். "சனிக்கிழமை எட்டு மணிக்கு வாங்க. லேட்டா வரக் கூடாது."

"வேண்டாம்னு சொல்லிட்டாங்களே."

"அதை நான் பார்த்துக்கிறேன்."

ஜூலை 20, சனி

தார்ப்பாய்க்கு அடியில் எல்லோரையும் நிற்கச் சொன்னேன். பள்ளி அசெம்பிளியில் நிற்பது போல நேராக நின்று பேசினேன்.

"குடம்புளியைப் பிடுங்கினது நான். என் கண்ணுல கோளாறு இருக்கு. அதை ஒத்துக்க எனக்கு மனசு வரலை. சென்னியப்பன் அதையெல்லாம் திரும்ப நட்டவர். அவர் சொன்னது பொய், அதுக்கு அவரைக் கண்டிச்சுட்டேன். நான் அவர் மேல பழி போட்டது அதைவிடப் பெரிய தப்பு. அதுக்கு நீங்க என்னைக் கண்டிக்கலாம்."

யாரும் கண்டிக்கவில்லை. கைதட்டினார்கள்! இதென்ன ஆண்டு விழாவா? பாட்டி என்று கூப்பிட்ட பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை கன்றைக் கொன்றவளுக்குக் கைதட்டுகிற தலைமுறை இது. நாளைக்கு இவர்கள் பிள்ளைகளை எப்படி வளர்க்கப் போகிறார்கள்?

பிருந்தா பக்கத்தில் வந்தாள். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமாத் தூங்கலை மேடம். தப்பா நினைக்காதீங்க... நர்சரில சேர்..."

"வேண்டாம்."

"இல்லை, கண்ணு..."

"எனக்கு விரல் இருக்கு. உன் விதி ஓரத்தைப் பத்தினதுதானே? பார்க்கணும்னு யார் சொன்னது?"

இரண்டு இலையைப் பறித்து, எது எது என்று சொல்லாமல் என் கையில் கொடுத்தாள். எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள், சர்க்கஸ் பார்ப்பது போல. கட்டைவிரலால் தடவிச் சொன்னேன். மறுபடி கொடுத்தாள். மறுபடி சொன்னேன். "ரைட்!" என்று சென்னியப்பன் பின்னாலிருந்து கத்தினார். மேல் சரிவு எனக்கே என்று முடிவானது. ஆனால் தடவிய பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு இலையை ஒடித்துப் பார்க்க வேண்டும் என்று பிருந்தா நிபந்தனை போட்டாள். சரி என்றேன். மெதுவாகத்தான் வேலை நடக்கிறது. நாள் முழுவதும் பிடுங்கிய காப்பி ஒரு கூடைகூட நிறையவில்லை. ஆனால் அத்தனையும் காப்பி.

ஸ்டெல்லாவுக்கு நானே போன் செய்தேன். அவள் அழுதாள். அழ இதில் என்ன இருக்கிறது என்று கேட்டு அவளையும் திட்டினேன்.

ஜூலை 24, புதன், கோயம்புத்தூர்

ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், மீசை முளைக்காத பிள்ளை, கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டி, "கோடு நேரா இருக்கா பாட்டிம்மா?" என்றான்.

"உங்க தாள்ல நேராத்தான் இருக்கும். எனக்குத்தான் இல்லை" என்றேன்.

வலது கண்ணைக் காப்பாற்றலாமாம். இடதில் போனது போனதுதான். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். போட்டார்கள். இனி மாதாமாதம் வர வேண்டும். ஸ்டெல்லா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் விடச் சொல்லவில்லை.

ஜூலை 27, சனி

வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறான். வேலைக்குப் போகவில்லை. பார்க்கத்தான் போனேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் சென்னியப்பன் வழி காட்டினார். மனிதர் ஒரு ஒழுங்கும் இல்லாமல், கைக்குக் கிடைத்த இடத்தில் எல்லாம் நட்டு வைத்திருக்கிறார். "இதென்ன, பஸ்ஸில் ஆளை அடைக்கிற மாதிரி?" என்றேன். "காடு அப்பிடித்தானுங்களே இருக்கும்" என்றார்.

பல காய்ந்து குச்சியாக நின்றன. பலவற்றில் நுனியில் இரண்டே இரண்டு புதிய இலை விரிந்திருந்தது, சிவப்பாக, ஈரமாக. எல்லாம் ஒரே உயரம். எல்லாம் ஒரே மாதிரி மொட்டை. குனிந்து ஒவ்வொன்றின் ஓரத்தையும் தடவினேன். நேர், நேர், நேர்.

எது சவரிராயனுடையது? குச்சியாகப் போனதிலா, இலை விட்டதிலா? கேட்க ஆள் இல்லை. இங்கே எந்த மரத்துக்கும் யார் பெயரும் வைப்பதில்லை.

சென்னியப்பன் கரையில் நின்றுகொண்டு, "எதையாச்சுந் தேடறீங்களாம்மிணி?" என்றார். என் கணவரை என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. அவர் இறங்கி வந்து, எதிர்முனையிலிருந்து களை எடுக்க ஆரம்பித்தார்.

எதுவென்று தெரியாததால் ஒன்று விடாமல் எல்லாவற்றைச் சுற்றியும் எடுக்க வேண்டியதாயிற்று. குச்சிகளையும் விட முடியாது, அடியிலிருந்து துளிர்த்தாலும் துளிர்க்கும் என்கிறார் சென்னியப்பன். இடுப்பு ஒடிந்துவிட்டது. பாதிகூட முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வர வேண்டும், அதற்கடுத்ததும்.

உயிரோடு இருந்தபோதும் மனிதர் என்னை இப்படித்தான் அலைய விட்டார்.